குலுக்கலுக்கு முந்திய கோடு

பரிசோ உதவியோ இலவசமாக வழங்கப்படும்போது மக்களின் கண் முழுவதும் குலுக்கலின் மீதே பதிகிறது. சீட்டு நேர்மையாக எடுக்கப்பட்டதா, கணினி யார் பக்கமாவது சாய்ந்ததா, ஏற்பாட்டாளரின் மைத்துனருக்கே முதல் பரிசு எப்படி விழுந்தது என்பவையே பேச்சாகின்றன. ஆனால் அநீதி பெரும்பாலும் குலுக்கலின்போது நிகழ்வதில்லை. யாருடைய பெயர் பானைக்குள் போகலாம், யாருடையது போகக்கூடாது என்று அதற்கு முன்பே இழுக்கப்பட்ட கோட்டில்தான் நிகழ்கிறது. அந்தக் கோட்டுக்குத் தகுதி விதி என்று பெயர். அறிவிப்பின் அடியில் சிறிய எழுத்தில் அச்சாகும் அந்த நான்கைந்து வரிகளைப் படிப்பவர் குறைவு. விலக்கப்பட்டவர் மட்டுமே, அதுவும் விலக்கப்பட்ட பிறகே, அவற்றைத் தேடிப் படிக்கிறார்.

போர்ட் கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை நீளும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தகைய வரிகளுக்குப் பஞ்சமில்லை. தீபாவளி நெருங்கும்போது குடியிருப்பாளர் குழுக்கள் கைப்பேசியிலேயே பெயர் வாங்கி வழங்கும் மளிகைப் பைகள், கடைகளின் அதிர்ஷ்டக் குலுக்கல்கள், சமூக ஊடகப் பக்கங்களின் பரிசுப் போட்டிகள், அரசாங்கம் மின்பணப்பையில் போடும் தொகை எல்லாவற்றுக்கும் தகுதி விதி உண்டு. தரும் பொருளும் தருபவரும் வேறுவேறாக இருப்பினும் விதி எழுதுபவர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றே: பொருள் கொஞ்சம், கேட்பவர் அதிகம், கேட்பவரை முழுவதும் அறிய வழியில்லை.

அறிய வழியில்லாததால் எந்த விதியும் மனிதரை நேராகப் பார்ப்பதில்லை; அவருக்குப் பதிலாக நிற்கும் ஓர் அடையாளத்தைப் பார்க்கிறது. இதைப் பதிலி அடையாளம் எனலாம். ஏழையா என்று அறிய முடியாதபோது சம்பளச் சீட்டும், இந்த ஊர்க்காரரா என்று அறிய முடியாதபோது அட்டையில் அச்சான முகவரியும், ஒருவரே இருமுறை வருகிறாரா என்று அறிய முடியாதபோது கைப்பேசி எண்ணும் அந்தப் பதிலிகளாகின்றன. பதிலிக்கும் உண்மை மனிதருக்கும் இடையில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். விதி நேர்மையானதா என்ற கேள்வி, அந்த இடைவெளியில் விழுகிறவர் யார் என்ற கேள்வியேயாகும். தோட்டத்தில் பிறந்து, தோட்டம் விற்கப்பட்ட பின் போர்ட் கிள்ளானின் அடுக்குமாடிக்குக் குடிவந்து, அட்டையில் பழைய தோட்டத்து முகவரியை மாற்றாமலே வைத்திருக்கும் ஒருவர், அஞ்சல் எண் 42000 உள்ளவர்களுக்கு மட்டும் என்று சொல்லும் விதியின் முன் வெளியூர்க்காரராகிவிடுகிறார். வேறு மாநிலத்தில் குடியேறிப் பல ஆண்டுகளாகியும் பழைய போர்ட் கிள்ளான் முகவரியை அட்டையில் சுமப்பவர் உள்ளூர்க்காரராக நீடிக்கிறார்.

மலேசிய அரசாங்கம் கடந்த சில ஆண்டுகளில் நடத்திய மின்வழி வழங்கல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு தகுதி விதி எவ்வாறு பிறந்து, நெளிந்து, உதிர்கிறது என்பதைக் கண்கூடாகக் காணலாம். 2020 ஜனவரி 15 அன்று தொடங்கிய இ-துனாய் ரக்யாட் திட்டம் 18 வயதை எட்டிய, ஆண்டு வருமானம் 1,00,000 வெள்ளிக்கு மேற்படாத குடிமக்களுக்குத் தலைக்கு 30 வெள்ளி அளித்தது (ரிங்கிட்டை இங்குள்ள தமிழர் வெள்ளி என்றே வழங்குவர்). ஒன்றரைக் கோடிப் பேர் வரை பெறக்கூடும் என்று கணக்கிட்டு 45 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. டச் என் கோ, பூஸ்ட், கிராப்பே ஆகிய மூன்று மின்பணப்பைகளுள் ஏதேனும் ஒன்றில் மட்டும் அதைப் பெறலாம். அதே ஆண்டு ஜூலை இறுதியில், பெருந்தொற்றின் நடுவே வந்த இ-பென்ஜானா 50 வெள்ளி தந்தது. 2023 டிசம்பர் 4 அன்று தொடங்கிய இ-மடானி 100 வெள்ளியாக உயர்ந்து, வயது வரம்பை 21 ஆக்கிக்கொண்டு, 1,00,000 வெள்ளி வருமான உச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டது.

இந்த உச்சவரம்பு சற்று நின்று பார்க்கத் தக்கது. ஆண்டுக்கு 1,00,000 வெள்ளி என்பது மாதம் 8,300 வெள்ளிக்குச் சற்று மேல். துறைமுகத்தில் பொருள் ஏற்றி இறக்குபவரையோ, பிரிக்பீல்ட்ஸில் பூக்கட்டி விற்பவரையோ அது தொடுவதில்லை. நாட்டின் பெரியவர்களுள் மிகச் சிறிய பகுதியினரை விலக்குவதற்காக ஒவ்வொருவரின் வருமானத்தையும் பதிவுகளோடு ஒப்பிட வேண்டியிருந்தது. அந்த ஒப்பீடும் எல்லார் மீதும் ஒரே அளவில் விழவில்லை. மாதச் சம்பளக்காரரின் வருமானம் பதிவில் தெளிவாக இருக்கிறது, ரொக்கத்தில் வியாபாரம் செய்பவரின் வருமானம் அவ்வாறு இல்லை என்பதால், ஒரே அளவு சம்பாதிக்கும் இருவருள் கணக்குக் காட்டுபவர் விலக்கப்படவும் காட்டாதவர் தேறவும் இடமிருந்தது. விலக்குவதால் மிச்சமாகும் தொகையும் விலக்குவதற்கு ஆகும் செலவும் ஏறத்தாழ நெருங்கி வரும்போது, அந்த விதி யாருக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பது நியாயமே. பணக்காரருக்கும் கொடுத்துவிட்டார்கள் என்ற ஏச்சுக்கு அஞ்சியே பல வரம்புகள் எழுதப்படுகின்றன.

வயது வரம்பு வேறு வகைச் சிக்கல். இ-மடானி 18 முதல் 20 வரை உள்ளவர்களைக் கைவிட்டதுபோல் தோன்றினாலும், அவர்களுக்கு அதே ஆண்டின் நடுவில் இ-பெலியா ரஹ்மா என்னும் தனித் திட்டத்தில் 200 வெள்ளி கிடைத்திருந்தது. ஆகவே ஒரு விதியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்து அநீதி என்று தீர்ப்பளிக்க முடியாது. அருகிலுள்ள விதிகளோடு சேர்த்தே அதை எடைபோட வேண்டும். அதேபோல், விலக்கப்பட்டவருக்கு வேறிடத்தில் பங்கு உண்டு என்பதை விலக்கும் அறிவிப்பிலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால் பாதி மனக்குறை எழாது.

2025-இல் இந்த வரிசை எதிர்பாராத இடத்தில் வந்து நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 31 அன்று தொடங்கிய சாரா என்னும் வழங்கலில் 18 வயது நிறைந்த குடிமக்கள் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பேருக்கும் வருமான வரம்பே இன்றித் தலைக்கு 100 வெள்ளி ஒதுக்கப்பட்டது. விண்ணப்பமும் இல்லை, கைப்பேசிச் செயலியும் இல்லை. மைகாட் என்னும் அடையாள அட்டையைக் கடையின் கல்லாவில் காட்டி அரிசி, முட்டை, சமையல் எண்ணெய் போன்ற அன்றாடப் பொருள்களை டிசம்பர் 31 வரை வாங்கிக்கொள்ளலாம். தொடக்கத்தில் மக்கள் ஒரே நேரத்தில் குவிந்ததால் கணினி அமைப்பு தடுமாறியது உண்மையே. ஆயினும் தகுதி என்ற நோக்கில் பார்த்தால் இதில் ஒரு பெரிய மாற்றம் ஒளிந்திருந்தது. முந்தைய திட்டங்களில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: திறன்பேசி வைத்திருப்பவர், அதில் செயலியை நிறுவத் தெரிந்தவர், தம் முகத்தையும் அட்டையையும் படமெடுத்து அனுப்பி அடையாளத்தை உறுதிப்படுத்தத் தெரிந்தவர் மட்டுமே பெறலாம் என்பதே அது. எந்த அறிவிப்பிலும் இல்லாத இந்த விதிதான் தனியே வாழும் முதியவர்களை, மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்துப் புரிந்துகொள்ள இயலாதவர்களை, அச்சிட்ட விதி எதையும் மீறாத நிலையிலேயே வெளியே நிறுத்தியது. பேரப்பிள்ளை அருகில் இருந்தவர்களுக்குப் பணம் வந்தது, இல்லாதவர்களுக்கு வரவில்லை என்பது சற்று மிகைப்படுத்திய கூற்றானாலும் பொய்யான கூற்றன்று. பொருளைத் தரும் வழியும் ஒரு தகுதி விதியே என்பதை வழங்குபவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

அட்டை ஒன்றே போதும் என்ற விதியும் ஒரு கோட்டை இழுக்கவே செய்தது. மைகாட் குடிமக்களுக்கு மட்டும் உரியது; நிரந்தர வசிப்பாளர் வைத்திருப்பது சிவப்பு நிற அட்டை, தற்காலிக வசிப்பாளர் வைத்திருப்பது பச்சை நிற அட்டை. மலேசியத் தமிழரிடையே சிவப்பு அடையாள அட்டை என்ற சொற்றொடருக்கு ஒரு நீண்ட வேதனை வரலாறு உண்டு. தோட்டங்களில் பிறப்பு பதியப்படாமல் போனதாலும், பெற்றோரின் திருமணம் பதியப்படாததாலும், 1957-இல் நாடு விடுதலை பெற்ற காலத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அறியாமல் விட்டதாலும், இந்த மண்ணிலேயே பிறந்து இங்கேயே உழைத்து மூப்படைந்த பலர் குடியுரிமை இல்லாதவர்களாகவே இருக்கின்றனர். அரசாங்கத்தின் வழங்கல் குடிமக்களின் வரிப்பணத்திலிருந்து வருவதால் அதைக் குடிமக்களுக்கென வரையறுப்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. ஆனால் அதே வாசகத்தை, மலேசியக் குடிமக்கள் மட்டும் என்ற அந்த ஆயத்த வரியை, ஒரு குடியிருப்பாளர் குழுவோ மளிகைக் கடையோ யோசியாமல் படியெடுத்துத் தன் அறிவிப்பில் ஒட்டும்போது அந்தத் தர்க்கம் கூடவே வருவதில்லை. நான்கு கிலோ மாவுக்கும் குடியுரிமைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், ஒட்டியவரிடம் பதில் இருக்காது.

தகுதி விதிகளைப் பற்றிய பேச்சில் தமிழருக்கு ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமையான ஆவணம் ஒன்று கைவசம் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் ஊர் வாரியங்களுக்கு, அதாவது ஏரி, தோட்டம் முதலியவற்றைக் கவனிக்கும் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை விவரிக்கின்றன. இதைக் குடவோலை முறை என்று பள்ளிப் பாடம் புகழும்போது குடமும் ஓலையும் மட்டுமே நினைவில் நிற்கின்றன. கல்வெட்டை வாசித்தால், குலுக்கலைவிடத் தகுதிக்கே அது அதிக வரிகளைச் செலவிட்டிருப்பது தெரியும். பின்னைய கல்வெட்டின்படி 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராய், கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராய், வேதக் கல்வி உடையவராய் இருக்க வேண்டும். கல்வி மிக்கவருக்கு நிலத் தகுதி அரைக்கால் வேலியாகக் குறைந்தது. கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டதோடு நில்லாமல், அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு உடன்பிறந்தவர், தந்தையோடு உடன்பிறந்தவர், மாமனார், மனைவியின் உடன்பிறந்தவர், உடன்பிறந்தாளின் கணவர், மருமகன் என்று உறவுகள் ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டு விலக்கப்பட்டன.

இன்றைய பரிசுப் போட்டி அறிவிப்புகளில் ஏற்பாட்டாளரின் ஊழியர்களும் அவர்களின் நெருங்கிய குடும்பத்தினரும் கலந்துகொள்ளக் கூடாது என்று ஒரு வரி வருமே, அதன் முழுமையான வடிவம் இந்தக் கல்வெட்டில் இருக்கிறது. இன்றைய வரி நெருங்கிய குடும்பம் என்பதை விளக்காமல் விட்டுவிடுகிறது. மைத்துனர் நெருங்கியவரா, சித்தி மகன் நெருங்கியவரா என்பது பரிசு விழுந்த பிறகே சண்டையாகிறது. உறவைப் பெயர் சொல்லி எழுதிய உத்திரமேரூர்க்காரர்கள் அந்தச் சண்டையை முன்கூட்டியே முடித்துவைத்தார்கள். அண்மையில் பரிசு பெற்றவர் குறிப்பிட்ட காலம் வரை மீண்டும் கலந்துகொள்ள முடியாது என்ற விதியும் அவர்களுடைய 3 ஆண்டு இடைவெளியின் தம்பிதான்.

குலுக்கலையும் அவர்கள் அசட்டையாக விடவில்லை. பெயர் எழுதிய ஓலைகள் இட்ட குடத்தைச் சபையோர் அனைவரும் காணுமாறு தூக்கிக் காட்டி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, எடுத்ததை ஐந்து விரலும் அகல விரித்த கையால் வாங்கி, உரக்க வாசித்து, அங்கிருந்த நம்பிமார் என்னும் கோயில் பூசகர் எல்லாரும் மீண்டும் வாசிக்கும்படி செய்தனர். விரல்களை விரிக்கச் சொன்னது, கைக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக. இத்தனை கவனத்தோடு நடந்த குலுக்கலுக்குள் பெண்கள் பெயர் இல்லை; நிலமற்றவர் பெயர் இல்லை; அது பிராமணர் குடியிருப்பாகிய சதுர்வேதிமங்கலம் என்பதால் அந்த நிலங்களில் உழைத்த மற்றச் சாதியார் பெயரும் இல்லை. மாசற்ற குலுக்கலும் குறுகிய தகுதியும் ஒரே கல்லில் அருகருகே பொறிக்கப்பட்டிருக்கின்றன.

தகுதி விதி தெளிவாக இருந்தும் குலுக்கலே பிழைத்த தலைகீழான உதாரணமும் அண்மைக் காலத்தில் உண்டு. அமெரிக்கா 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழி, குறைவாகக் குடியேறிய நாட்டினருக்கென நடத்திவந்த குடியேற்ற விசா குலுக்கலில், முந்தைய 5 ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேல் குடியேறிய நாட்டில் பிறந்தவருக்கு இடமில்லை. அதனால் இந்தியாவில் பிறந்த தமிழர் அதில் பெயர் கொடுக்க முடியாத நிலையில், மலேசியாவிலும் இலங்கையிலும் பிறந்த தமிழர் பெயர் கொடுக்க முடிந்தது; அங்கு கணக்கில் வந்தது குடியுரிமையன்று, பிறந்த மண். ஒருவர் இருமுறை பெயர் கொடுத்தால் இரண்டுமே தள்ளுபடியாகும். 2011 மே மாதம் இக்குலுக்கலில் தேர்வானதாக ஏறத்தாழ 22,000 பேருக்குத் தெரிவிக்கப்பட்ட பின், கணினி நிரலில் பிழை இருந்ததும், தேர்வானவர்களில் 90 விழுக்காட்டினர் பதிவு தொடங்கிய முதல் இரண்டு நாள்களில் விண்ணப்பித்தவர்கள் என்பதும் வெளிப்பட்டன. முந்தி விண்ணப்பித்தால் முன்னுரிமை என்று விதியில் எங்கும் இல்லை. ஆகவே முடிவு முழுவதும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, ஜூலையில் புதிதாகக் குலுக்கப்பட்டது. மகிழ்ந்திருந்தவர்களுக்கு அது பேரிடி. ஆனால் சொல்லாத விதி ஒன்று கணினியின் வழியாகப் புகுந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளப்பட்டதும், அதன் பலனைச் சிலருக்கு மட்டும் விட்டுவைக்க இயலவில்லை.

முந்தி வந்தவருக்கு முதலில் என்று வெளிப்படையாகவே அறிவிக்கும் வழங்கல்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளம். பார்வைக்கு இதைவிட எளிய, நேர்மையான விதி இல்லை. வரிசையில் நிற்பவர் எல்லாரும் சமம். ஆனால் துறைமுகம் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் ஊரில், காலை 10 மணிக்குக் கைப்பேசியில் திறந்து 10 நிமிடத்தில் முடிந்துபோகும் பதிவு, இரவுப் பணி முடிந்து உறங்குபவரையும் பாரந்தூக்கியின் மேல் அமர்ந்திருப்பவரையும் தானாகவே விலக்கிவிடுகிறது. பதிவை 2 நாள் திறந்து வைத்து, வந்த பெயர்களைக் குலுக்கிப் போட்டால் அதே பொருள் வேகத்தைக் கேட்காமல் பங்கிடப்படும். இதில் கூடுதல் செலவு எதுவும் இல்லை; கூட்டம் முண்டியடிக்கும் காட்சிதான் கிடைக்காது, அந்தக் காட்சியே விளம்பரம் என்று கருதும் கடைக்காரருக்கு அது இழப்பாக இருக்கலாம்.

குலுக்கலுக்கு மலேசியாவில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 1952-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டமும் 1953-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டக் கூடங்கள் சட்டமும் தற்செயலால் மட்டும் பணமோ பொருளோ பங்கிடப்படும் ஏற்பாட்டை லாட்டரியாகக் கருதும் அளவுக்கு விரிந்த சொற்களில் எழுதப்பட்டவை. ஆகவே வணிக நிறுவனங்களின் போட்டிகளில் வெறும் குலுக்கலுக்குப் பதிலாகச் சில கேள்விகளும், 15 சொற்களுக்கு மிகாமல் நிறைவுசெய்ய வேண்டிய ஒரு வாசகமும் இடம்பெறுவது வழக்கமாயிற்று. திறமை சேர்ந்துவிட்டால் அது தற்செயல் ஆட்டம் ஆகாது என்பது கணக்கு. இங்கே தகுதி விதி மீண்டும் வேடமிட்டு வருகிறது. வாசகம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்ற ஒரு வரி, தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய முதியவரைப் பொறுத்தவரை கலந்துகொள்ளாதே என்பதற்குச் சமம். அவர் அதே சோப்பை அதே விலை கொடுத்து வாங்கியவர்தான். சிறந்த வாசகத்தை யார், எந்த அளவுகோலால் தேர்ந்தார்கள் என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை, நடுவரின் முடிவே இறுதியானது என்பது மட்டும் சொல்லப்படுகிறது.

ஏட்டில் தடைபட்ட மற்றொரு குலுக்கலுக்குத் தமிழ்ப் பெயரே நிலைத்திருக்கிறது. மலேசியாவின் 1971-ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டத்தின் தலைப்பிலேயே கூட்டு என்னும் தமிழ்ச் சொல் உள்ளது. அதன் விளக்கத்தில் சீட்டு என்ற சொல்லும் சீனரின் ஹுவேயும் இடம்பெறுகின்றன. மாதந்தோறும் பலர் பணம் போட்டு, ஏலத்திலோ குலுக்கலிலோ ஒருவர் மொத்தத்தையும் எடுக்கும் இம்முறையைத் தொழிலாக நடத்துவதையே அச்சட்டம் தடுக்கிறது. கூட்டில் எழுதிய தகுதி விதி கிடையாது. எடுத்த பின்னும் தவறாமல் கட்டுவார் என்று கூட்டுத் தலைவர் நம்புவதே தகுதி. அறிமுகமானவர்களுக்குள் இதைவிடச் சிறந்த சல்லடை இல்லை, அறிமுகமற்ற ஆயிரம் பேர் சேர்ந்த கூட்டத்திலோ இதைவிட ஆபத்தானது இல்லை. சிறு குழுவுக்குப் பொருந்தும் விதி பெருங்குழுவுக்குப் பொருந்தாது என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

சமூக ஊடகப் பரிசுகளில் பகிர்ந்தால்தான் தகுதி, மூன்று நண்பர்களின் பெயரை இணைத்தால்தான் தகுதி என்ற விதிகள் மிகப் பரவலானவை. தனிநபர் பக்கத்தில் பகிர்வதைப் பரிசுக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று பேஸ்புக் நிறுவனத்தின் விதிகளே கூறுகின்றன என்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் பொருட்படுத்துவதில்லை. இவ்வகை விதியில் பரிசு பெறுபவரின் தேவையோ ஈடுபாடோ அளக்கப்படுவதில்லை, அவருடைய நட்பு வட்டத்தின் அளவே அளக்கப்படுகிறது. குழுவில் சேர்ந்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பது இதைவிட மேலான விதி. பரிசுக்காக மட்டும் நுழைந்து அன்றே வெளியேறுபவரை அது தடுக்கும். ஆனால் அதைக் குலுக்கலுக்கு முதல் நாள் அறிவித்தால், 29-ஆவது நாளில் நிற்பவரைக் குறிவைத்து எழுதியதாகவே அது படும். விதி எப்போது அறிவிக்கப்பட்டது என்பது விதியின் உள்ளடக்கத்துக்கு இணையாக முக்கியமானது.

ஓர் ஆளுக்கு ஒரு வாய்ப்பா, ஒரு வீட்டுக்கு ஒரு வாய்ப்பா என்பது உணவுப் பைகளில் ஓயாமல் எழும் தகராறு. மலேசியாவின் எஸ்.டி.ஆர். என்னும் அரசாங்க உதவித் தொகைக்குக் குடும்ப வருமானம் மாதம் 5,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். மணமாகாதவருக்கு வரம்பு 2,500 வெள்ளி. ஓவர்டைம் கூடிய மாதங்களால் சராசரி 5,010 வெள்ளியாகிவிட்ட எட்டுப் பேர் குடும்பம் வெளியே நிற்க, 4,900 வெள்ளியில் வாழும் இருவர் உள்ளே இருக்க முடியும். கோடு எங்கு இழுத்தாலும் அதன் இருபுறமும் ஒட்டி நிற்பவர் இருவர் இருக்கவே செய்வர். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவிடும் வீடு தகுதியற்றது என்று விதிக்கப்பட்டது. செல்வத்துக்கு மின்சாரத்தைப் பதிலியாக வைத்த இந்த விதியில், மூன்று குடும்பங்கள் ஒரே மின்மானியைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுக்குடும்பம் பணக்கார வீடாகக் காட்சியளிக்கும். அங்கே மேல்முறையீட்டுக்கு 30 நாள் தரப்பட்டது. மலேசியாவிலும் ராயுவான் எனப்படும் மேல்முறையீடு உண்டு. பதிலி தவறும் என்று விதி எழுதியவரே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. ஒரு முகவரிக்கு ஒரு பை என்று எழுதும் குழுவும், ஒரே முகவரியில் இரண்டு அடுப்பு எரிகிறது என்று ஒருவர் வந்து சொன்னால் கேட்பதற்கு ஓர் ஆளை நியமித்திருக்க வேண்டும்.

இரட்டைப் பதிவைத் தடுக்க எல்லாரிடமும் அடையாள அட்டையின் படத்தைக் கேட்பது இப்போது வாடிக்கையாகிவிட்டது. மைகாட்டின் 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த நாளையும், அடுத்த 2 பிறந்த இடத்தையும் காட்டுகின்றன. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஐம்பது பைகளுக்காக ஐந்நூறு பேரின் இந்த விவரங்கள் யாரோ ஒருவரின் கைப்பேசியில் சேர்ந்துகிடப்பது, பையின் மதிப்பைவிடப் பெரிய விலை. 2013 முதல் நடைமுறையில் உள்ள தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கே உரியது என்பதால் அக்கம்பக்கத்துக் குழுவை அது பெரும்பாலும் எட்டுவதில்லை. பதிவின்போது பெயரும் தொலைபேசி எண்ணின் கடைசி 4 இலக்கமும் போதும். அட்டையைப் பார்க்க வேண்டுமானால் பை பெற வரும் ஐம்பது பேரிடம் மட்டும், கண்ணால் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இருமுறை பதிந்தவர் அப்போது பிடிபட்டுவிடுவார், பிடிபட்டால் என்ன ஆகும் என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருந்தால்.

அரசாங்கத்துக்கு இல்லாத ஒரு வசதி இத்தகைய சிறு குழுவுக்கு உண்டு. கோடிக்கணக்கானோரை அது கையாள வேண்டியதில்லை. இவர் இந்த மாடியில்தான் குடியிருக்கிறார் என்று இரண்டு அண்டை வீட்டார் சொல்வதைத் தகுதியாக ஏற்கலாம், அப்போது அட்டையின் நிறமும் அதில் அச்சான பழைய முகவரியும் பொருளற்றுப் போகும். ஏற்பாட்டாளர்களின் மைத்துனரையும் சித்தி மகனையும் அது பெயர் சொல்லி விலக்கலாம். திறன்பேசி இல்லாதவர் பெயரைக் கீழ்த்தளத்துக் கடையில் எழுதிக் கொடுக்க ஒரு தாளை வைக்கலாம். ஐம்பது பைகளுக்கு ஐம்பது பெயர் எடுப்பதோடு நிறுத்தாமல், அதே நாளில் அதே பானையிலிருந்து இன்னும் பத்துப் பெயர்களை எடுத்து, எடுத்த வரிசையிலேயே மின்தூக்கிக்குப் பக்கத்துப் பலகையில் எழுதி வைத்தால், வாராத ஒருவரின் பை யாருக்குப் போகும் என்று கேட்டு எவரும் ஏற்பாட்டாளர் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்கள்.